எட்டாவது மூச்சு

அன்று காலை அக்கா ஒரே இசைத்தட்டை இரண்டாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அது அவள் வழக்கமில்லை. வாங்கி வந்த அன்று ஒரு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய முடித் தூரிகையால் வரிகள் போகும் திசையிலேயே வளைத்து வளைத்துத் துடைத்து, பாத்திரம் காயவைக்கும் கம்பிச் சட்டத்தில் நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு அந்தத் தட்டு ஆயுளுக்கும் தண்ணீரைப் பார்க்காது. வீட்டில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் தட்டுகளுக்கும் அதுதான் சட்டம்.

தங்கை வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, தட்டுக்குக் காய்ச்சலா? ரெண்டாவது குளியல் நடக்குது?”

“ஒரு சத்தம் போகமாட்டேங்குது.”

“கழுவியும் போகாத சத்தம்னா அது உன் குறட்டையாத்தான் இருக்கும்.”

“யார் பண்ணின வேலை அது? டம்ளரைத் தூக்கி மூக்குல எறிஞ்சவ பேசறா பாரு.”

எறிந்தபோது தங்கைக்கு ஆறு வயது, அக்காவுக்கு ஒன்பது. அன்று வளைந்த மூக்கு பிறகு நிமிரவே இல்லை. அதனால் அக்கா மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் முடிவில் ஒரு மெல்லிய விசில் வரும், யாரோ பக்கத்து அறையில் பாட்டை ஆரம்பிக்கப்போய் வேண்டாம் என்று விட்டுவிட்டது போல. அத்தான் இறந்து, அக்கா இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாகத் தங்கை அந்த விசிலைக் கேட்டுத்தான் தூங்கினாள். ஆனால் அது விசில் என்று அக்காவை ஒப்புக்கொள்ள வைக்க முடிந்ததில்லை. “எனக்குக் கேக்கலையே” என்பாள். முன்னூறு வருடத்துக்கு முந்தைய வயலினில் எந்த நரம்பு தேய்ந்திருக்கிறது என்று கேட்டே சொல்பவளுக்குத் தன் மூக்கு கேட்காது.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சேர்த்தது ஒரே ஒரு வகைத் தட்டுகளை. பெரிய மேடைக்கு இல்லாமல் ஓர் அறைக்கென்று எழுதப்பட்ட இசை. நான்கு பேர் நெருக்கமாக உட்கார்ந்து, அந்தக் காலத்து வயலின், வயோலா, செல்லோவில், அந்தக் காலத்தைப் போலவே ஆட்டுக்குடல் நரம்பு கட்டி, இன்றைய சுருதியைவிட அரை ஸ்வரம் இறக்கி வாசித்த பதிவுகள் மட்டும். இரும்புக் கம்பி கத்தும், குடல் பேசும் என்பாள். குடல் நரம்பு மெதுவாகப் பேசுவதால் மைக்கை மிகக் கிட்டத்தில் வைப்பார்கள். கிட்டத்தில் வைத்தால் வாசிப்பவர்களின் மூச்சும் விழும். நால்வருக்கும் கையசைக்கத் தலைவர் யாரும் கிடையாது. முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார், மற்ற மூவரும் கூடவே இழுப்பார்கள், அந்த மூச்சுத்தான் தாளம், அதில்தான் இசை புறப்படும். மற்றவர்கள் அதைக் குறையென்று சொல்வார்கள். அக்கா அதற்காகத்தான் தட்டு வாங்கினாள். அவளுடைய நீள நோட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி, நரம்பு, அறையின் எதிரொலி என்று எழுதி, கடைசியில் ‘மூச்சு’ என்று ஒரு கட்டம் போட்டிருப்பாள். நால்வர் என்றால் நான்கு.

“இதுல ஏழு கேக்குதுடி,” என்றாள் அக்கா, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி. “யாரோ வீட்டுல பதிவு பண்ணியிருக்காங்க. நாலு பேர் வாசிச்சிருக்காங்க, மூணு பேர் பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல. அதுக்கு முன்னாடி லேசா இன்னொண்ணு.”

“எட்டாவது ஆளா?”

“ஆளு இல்ல, அது முன்னொலி. தட்டு வெட்டும்போது ஊசி பக்கத்து வரியோட சுவரையும் கொஞ்சம் அழுத்திடும். அதனால அடுத்த சுத்துல வரப்போற சத்தம் ஒரு சுத்து முன்னாடியே கசியும். ரெண்டு நொடி முன்னாடி, பேய் மாதிரி. எல்லாத் தட்டுலயும் கொஞ்சம் இருக்கும்.”

“அப்புறம் எதுக்குக் கழுவற?”

அக்கா தூரிகையை உதறினாள். “முன்னொலின்னா பின்னாடியே அசல் வரணும்ல. இதுல வரல.”

“வரும், வரும். நம்ம பஸ் மாதிரி லேட்டா வரும்.”

“போடி, நேரமாச்சு. கதவை மெதுவாச் சாத்து, நீ சாத்தினா ஊசி குதிக்குது.”

தங்கை மெதுவாகச் சாத்தினாள். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

*

சனிக்கிழமை அரைநாள். மதியம் இரண்டு மணிக்கு அவள் திரும்பியபோது, இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது: டக். கொஞ்சம் பொறுத்து, டக். தட்டு முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும் சத்தம். அக்கா அதை ஒரு சுற்றுகூடச் சுற்ற விடமாட்டாள். கடைசி ஸ்வரம் அடங்கியதும் கை போய்விடும், அடுப்பில் பால் பொங்கினால்கூட முதலில் ஊசியைத்தான் தூக்குவாள். சாவியைத் திருப்பும்போது தங்கை தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினைந்து. உள்ளே சோப்புத் தண்ணீரின் வாசமும், வெகுநேரமாகச் சூடேறிய ஆம்ப்ளிஃபையரின் தூசி வாசமும் கலந்து, மூடிய திரைக்குப் பின்னால் மதிய வெயில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

கண் திறந்திருந்தது. முகத்தில் வலி இல்லை. கவனம் இருந்தது. அடுத்த வினாடி ஏதோ தொடங்கப்போகிறது என்பவளைப் போல.

தோள்கள் உயர்ந்திருந்தன. மார்பு நிமிர்ந்து நிறைந்திருந்தது.

கீழ்த்தள டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இதயம்மா. சட்டுனு போயிருக்காங்க, கஷ்டப்படல,” என்றார். அவள் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் நுரையீரல் பரிசோதனை செய்பவள். ஜன்னலில்லாத சின்ன அறையில், குழாயை வாயில் கவ்வ வைத்து, இழுங்க இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் என்று இருபத்தாறு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம் யார் வந்து உட்கார்ந்தாலும், போன வருடம் வந்தவரா என்று முகம் பார்க்காமல் சொல்வாள். மூச்சு ஒரு கையெழுத்து. வார்டிலும் கொஞ்ச காலம் இருந்திருக்கிறாள். பலர் போவதைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதனால்தான் உயிரை விட்டார், மூச்சு விட்டார் என்கிறோம். மார்பு தாழ்ந்து, தோள் சரிந்து, உள்ளே இருப்பது வெளியே வந்த பிறகுதான் எல்லாம் அடங்கும்.

அக்கா உள்ளே இழுத்தபடி இருந்தாள். விடவே இல்லை.

*

ஒரு மாதம் கழித்து அக்காவின் மகள் பத்து நாள் லீவு போட்டு வந்தாள். இருபத்தாறு வயது, வேறு ஊரில் வேலை. கொஞ்சமாகச் சாப்பிட்டு நிறையப் பேசுவதால் அவளுக்கு வீட்டில் ‘குருவி’ என்று பெயர். வந்த முதல் நாள் அழுதாள்; இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்து, “இவ்வளவு தட்டுக்கும் மூஞ்சி ஒண்ணுதான் சித்தி. அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று சிரித்தாள்; சிரித்த கையோடு மறுபடி அழுதாள்.

தட்டுகளைப் பார்வையிட மீசை வந்தார். பழைய தட்டு விற்பவர், அக்காவுக்கு இருபது வருடப் பழக்கம். அவர் முகத்தில் மீசை இருந்ததே இல்லை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், “இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரேன்” என்பாள் அக்கா.

அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். “ஒரு கீறல் இருக்கா பாருங்க. குழந்தையைக்கூட யாரும் இப்படி வெச்சுக்க மாட்டாங்க.”

“இருக்கே, இதோ,” என்று குருவி தன் முழங்கைத் தழும்பைக் காட்டினாள். “தட்டுக்குக் குடுத்த கவனத்துல பாதி எனக்கு வந்திருந்தா இது இருக்காது.”

ஓரமாகத் தனியே சாய்ந்திருந்த ஒரு வெள்ளை உறையைத் தங்கை எடுத்து நீட்டினாள். அச்சு எதுவும் இல்லாத உறை. தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில், மங்கிய மையில் கையால் எழுதியிருந்தது: நால்வர். குடல் நரம்பு. வீட்டில்.

“இது எங்கேர்ந்து வந்தது?”

“அக்கா கடைசியா வாங்கினது. ஒரு வீட்டைக் காலி பண்றோம்னு கூப்பிட்டாங்க மேடம். கூப்பிட்டது வீட்டுக்குச் சொந்தக்காரர். குடியிருந்தவங்க யாரும் இல்ல.”

“எங்க போனாங்க?”

“போயிட்டாங்க. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு. மூணு பேரும், ஒரே வருஷத்துல, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்.” அவர் தட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “வியாதி ஒண்ணும் இல்லையாம். உட்கார்ந்த இடத்துல.”

ஏழில் நால்வர் போக மூன்று. அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த உறை லேசாக ஈரமாக இருப்பதுபோல் தோன்றியது. அவள் கைதான் வேர்த்திருந்தது.

“நீங்க இதைக் கேட்டிருக்கீங்களா?”

“நான் எதையும் கேக்கறதில்ல மேடம். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன ஆரம்பிச்சா கடை என்னாகறது?”

காலி அட்டைப் பெட்டிகள் தருவதாகச் சொல்லி, அவர் குருவியைத் தன் கடைக்குக் கூட்டிப் போனார். தங்கை நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அக்காவின் குண்டு எழுத்து. ‘மூச்சு: 7. அதற்கு முன் லேசாக ஒன்று. அசல் இல்லாத முன்னொலி. இரண்டு முறை கழுவியும் போகவில்லை. முடிவில் விசில் போல. யாருக்கோ மூக்கடைப்பு.’

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு தட்டை உருவி, சுழலியில் வைத்து, அக்கா செய்வதுபோலவே குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினாள்.

சரசரப்பு. வெகு தூரத்தில் மழை பெய்வதுபோல. சரசரப்புக்கு அடியில் ஓர் அறை. எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை, அதன் காற்று ஒரு கனத்தோடு ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் நின்றது, மர நாற்காலிகளின் இறுக்கமும் துணிகளின் உரசலும் கேட்கிற தூரத்தில். ஒரு சுற்று. லேசாக ஒரு மூச்சு. கசிவைப் போல, சுவருக்கு அப்பாலிருந்து. அதை அவள் சரியாகக் கவனிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிட்டது. அதில் மிகப் பக்கத்தில், தெளிவாக, ஸ்பீக்கருக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் யாரோ குனிந்திருப்பதுபோல, ஒரு மூச்சு உள்ளே போனது. முடிவில் ஒரு மெல்லிய விசில்.

அவள் கைகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டன.

அக்கா.

பிறகு ஏழும் சேர்ந்தாற்போல. உடனே நரம்புகள் எழுந்தன. தாழ்ந்த சுருதியில், பழுப்பு நிறத்தில், நான்கு குரல்கள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நடப்பதுபோல. இசை அழகாக இருந்தது. அந்த அழகை அவளால் மறக்க முடியவில்லை. பயத்தைவிட அதுதான் பின்னால் அவளை அதிகம் வாட்டியது. அவள் அழுதபடி கடைசிவரை கேட்டாள். அக்கா எப்போதும் சொல்வாள், ஊசியை நடுவில் தூக்குவது பேசுகிறவரின் வாயைப் பொத்துவதுபோல என்று. முடிவு வந்தது. இப்படிப்பட்ட தட்டுகளில் கடைசி ஸ்வரம் அடங்கியதும் வாசித்தவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்கும், நாற்காலி முனகும், வில்லைக் கீழே இறக்குவார்கள். அவள் காத்திருந்தாள்.

எதுவும் வரவில்லை. அத்தனை பேரும் இழுத்திருந்தார்கள். ஒருவரும் விடவில்லை.

டக். டக்.

அப்போது படியில் குருவி ஏறிவரும் சத்தம் கேட்டது. மூன்று மாடி, கை நிறைய அட்டைப் பெட்டிகள். வாசலில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு இருந்தது. சரியாகிவிட்டது; ஆனால் வேகமாக மூச்சை இழுத்தால் பாதியில் ஒரு கணம் தடுக்கும், ஒரு படி ஏறி, நின்று, அடுத்த படி ஏறுவதுபோல.

சித்தி எழுந்து நின்றாள். லேசான அந்த முதல் மூச்சு. கசிவு. அது பாதியில் தடுக்கியிருந்தது.

“என்ன சித்தி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க?” குருவி சுழலியை எட்டிப் பார்த்தாள். “ஓ, இதுவா! அம்மா போறதுக்கு முந்தின வாரம் ரெண்டு நாள் வந்திருந்தேனே, அப்போ சேர்ந்து கேட்டோம். நான் நல்லாத் தூங்கிட்டேன். முடிஞ்ச உடனே எழுப்பி, எத்தனை மூச்சுன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு என் குறட்டை ஒண்ணுதான்னேன்.”

*

அதன்பின் வந்த நாட்களில் சித்தி செய்ததெல்லாம் ஒன்றுதான்: கேட்டாள். குருவி பல் தேய்க்கும்போது கேட்டாள். மதியம் சோபாவில் அவள் கண்ணயர்ந்தபோது தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று நானூறுவரை எண்ணினாள். ஒவ்வொரு முறை மார்பு எழும்போதும் எண்ணுவதை நிறுத்தினாள். தாழ்ந்த பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போனாள். குருவி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, பல்லி பூச்சியைப் பார்க்கற மாதிரி பார்க்காதீங்க. பயமா இருக்கு.”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. ஒரு தடவை ஊதிப் பார்த்துடலாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“சித்தியோட வேலையைப் பார்த்த மாதிரி இருக்கும், வா.”

குழாயைக் கவ்விக்கொண்டு குருவி கண்ணால் சிரித்தாள். ஊது, ஊது, விடாதே, இன்னும் இன்னும் என்று சித்தி வழக்கத்தைவிட உரக்கக் கத்தினாள். திரையில் வளைவு அழகாக ஏறி, அழகாக இறங்கியது. வயதுக்குரிய அளவைவிட நான்கு விழுக்காடு கூடுதல். இவ்வளவு நல்ல நுரையீரலை அந்த வாரத்தில் அவள் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், ஏதோ தாயத்தைப்போல.

குருவி கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், சித்தி அந்தத் தட்டை எடுத்தாள். உடைப்பது என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு ஓரத்தையும் பிடித்து முழங்காலில் வைத்து அழுத்தினாள். தட்டு வளைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். ஜன்னல் வெளிச்சம் வரிகளின்மேல் ஒரு விசிறியைப்போல விரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஏதோ ஓரிடத்தில், ஒரு தலைமுடியைவிட மெல்லிய வரியில், அக்காவின் மூச்சு இருந்தது. அக்காவின் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. புகைப்படங்கள் இருந்தன, புகைப்படம் மூச்சு விடுவதில்லை. துணிகளைத் துவைத்தாகிவிட்டது. இந்த உலகத்தில் அக்காவிடமிருந்து சத்தமாக மிஞ்சியது அந்த ஒன்றுதான், ஒரு வினாடிகூட நீடிக்காத அந்த விசில்தான்.

குளியலறையில் குருவி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். தண்ணீர் விழுந்தது.

நாளைக்கு உடைக்கலாம், என்று நினைத்தாள். இவள் கிளம்பட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு.

கையைத் தளர்த்தினாள். தட்டு நிமிர்ந்துகொண்டது.

ஞாயிறு காலை பஸ் நிலையத்தில் குருவி அவளைக் கட்டிக்கொண்டாள். “ஒழுங்காச் சாப்பிடுங்க. அந்த நாற்காலியில தனியா உட்கார்ந்து அழாதீங்க. மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்துடுவேன், இறங்கின உடனே போன் பண்றேன்.”

“நீ இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்.”

“இருந்தா என் மூச்சை எண்ணியே என்னை வயசாக்கிடுவீங்க சித்தி.”

பஸ் போனது.

*

மூன்று மணி. போன் வரவில்லை.

மூன்றரை. அவள் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பஸ் தாமதமாகியிருக்கும். சத்தத்தில் கேட்டிருக்காது. பையின் அடியில் இருக்கும். நான்கு மணிக்குள் பதினொரு முறை கூப்பிட்டாள். பன்னிரண்டாவது முறை மணியே அடிக்கவில்லை.

வெளியே நல்ல வெயில். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள், புஸ், புஸ், புஸ் என்று. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் வீடு நெருங்கி வந்தது. சுவரோரம் கட்டிவைத்த பெட்டிகள், அட்டை வாசம், இன்னும் காயாத சோப்பு வாசம். யார் இப்போது எதைக் கழுவினார்கள் என்று யோசித்து, யாரும் இல்லை என்று தெளிந்து, தெளிந்த பிறகும் அந்த வாசம் போகாமல் இருப்பதை உணர்ந்து, அவள் அந்த ஒற்றை நாற்காலியையும் அதற்கு எதிரே கறுப்பாக நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் பார்த்தாள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது.

கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏற்கனவே ஒரு முறை கடைசிவரை கேட்டாகிவிட்டது. இனி என்ன.

இல்லை, அக்காவைக் கேட்பதற்காக இல்லை. கசிவு கசிவாகவே இருந்தால் போதும். லேசாக இருந்தால் போதும். லேசாக இருந்தால் குருவி இருக்கிறாள். பஸ் தாமதம். பையின் அடியில் போன். அவ்வளவுதான்.

தட்டை வைத்தாள். ஊசி இறங்கியது.

சரசரப்பு. அந்த அறை. அந்த அறையின் கனம்.

ஒரு சுற்று.

லேசாக ஒரு மூச்சு. சுவருக்கு அப்பாலிருந்து.

லேசாக! லேசாகத்தான் இருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கண்ணீர் வந்தது. குருவி, குருவி என்று—

அடுத்த சுற்று.

பக்கத்தில். மிகப் பக்கத்தில். ஒரு படி ஏறி. நின்று. அடுத்த படி.

அடுத்த சுற்று. விசில்.

பிறகு ஏழு.

இசை எழுந்தது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. தெரியாத எண். அதிர்ந்து அதிர்ந்து மேஜை ஓரத்துக்கு நகர்ந்தது. அவள் எடுக்கவில்லை. அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள், மனதுக்குள், திரும்பத் திரும்ப. முதலில் வந்தது. லேசாக வந்தது. அதில் தடுக்கல் இல்லை. விசில் இல்லை. ஒரு பெண்ணின் மூச்சு. நடுத்தர வயது. கொஞ்சம் அவசரம். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் மூச்சு கேட்ட அவளுக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. அப்படி ஒன்றை அவள் எங்கும், யாரிடமும், ஒருபோதும் கேட்டதில்லை.

அவளால் கேட்டிருக்க முடியாத மூச்சு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

குருவியின் பெயரைச் சொன்னபோது அவள் மூச்சை முழுதாக வெளியே விட்டிருந்தாள். மார்பு தாழ்ந்திருந்தது. தோள் சரிந்திருந்தது. இனி இழுக்க வேண்டும், அக்கா கடைசியாக இழுத்ததுபோல.

இழுக்கவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து. ஆறு. எதிரே நான்கு நரம்பு வாத்தியங்கள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நடந்தன. பதினொன்று. போன் தரையில் விழுந்து அங்கேயும் அதிர்ந்தது. பத்தொன்பது. காது அடைத்தது. கண்ணோரம் கறுத்தது. விலா எலும்புகள் தாமாக, அவளைக் கேட்காமல், மெல்ல விரியத் தொடங்கின. அவள் குனிந்து, வயிற்றை இரண்டு கைகளாலும் அழுத்தி, உள்ளே இருந்த கொஞ்சத்தையும் ஊதினாள். ஊதினாள். இன்னும். இன்னும்.

எவ்வளவு ஊதித் தள்ளினாலும் மனித நுரையீரலில் ஒன்றேகால் லிட்டர் காற்று மிஞ்சும். அதை யாராலும் வெளியேற்ற முடியாது.